எடிசனில் 107.5 எஃப்எம் இரைகிறது, ஆன்டெனா யோசனை வேண்டும்

நியூயார்க்கின் டபிள்யூபிஎல்எஸ் 107.5 வீட்டுக்குள் சரியாக எடுக்கவில்லை. 1970களில் ஃப்ராங்கி கிராக்கர் நடத்திய நிலையம். கறுப்பின இசையை மையமாக வைத்த அர்பன் கன்டெம்பரரி என்ற வானொலி வகைக்கு உருக்கொடுத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ராத்திரிச் சமையல் எனக்கு இதோடுதான். செயலியில் கேட்கலாம், ஆனால் எனக்கு ரேடியோவில்தான் வேண்டும்.

இடம் நியூஜெர்சி எடிசன், இரண்டாம் மாடி வாடகை வீடு. எம்பயர் ஸ்டேட் கட்டடத்திலிருந்து ஒலிபரப்பு, எங்களுக்கு வடகிழக்கே. ரேடியோ டெக்சன் பிஎல்-330. அதில் குறையில்லை, தெருவில் வைத்தால் கணீரென்று பாடுகிறது.

மார்ச்சிலிருந்துதான் இப்படி. வடகிழக்குப் பக்கம் இரும்புச் சட்டம் போட்டு ஒரு கட்டடம் எழும்புகிறது. பேச்சு கரகரக்கும், 'ஸ்' சத்தம் சிதறும். ஃப்ரிட்ஜ் மேல் வைத்து ஒரு சாண் இடப்பக்கம் நகர்த்தினால் தெளிகிறது. ஆள் குறுக்கே போனால் மறுபடி இரைச்சல். அதே எம்பயர் ஸ்டேட் கட்டடத்திலிருந்து வரும் 97.1 நிலையம் மட்டும் சுத்தமாக இருக்கிறது.

மெயின் சுவிட்சை அணைத்து பேட்டரியில் கேட்டுப் பார்த்தேன், மாற்றமில்லை. அதனால் எல்இடி விளக்கு, சார்ஜர் காரணமில்லை. மோனோவுக்கு மாற்றினேன், இரைச்சல் கொஞ்சம் குறைந்தது, சிதறல் போகவில்லை. கைக்கு 66 செ.மீ. வீதம் வயரில் டைபோல் (இரு கை ஆன்டெனா) செய்து ஜன்னலில் ஒட்டி, முனையை ரேடியோ ஆன்டெனாவில் கவ்வவும் வைத்தேன். அப்புறமும் அதே கதைதான்.

கூரையில் எதுவும் பொருத்த அனுமதியில்லை, பால்கனியோ தென்மேற்கு பார்த்தது. அந்தக் கட்டடத்தில் பட்டுத் திரும்பி வரும் எதிரொலிப்பு அலைதான் காரணமென்றால், வீட்டுக்குள் வைக்கும் மூன்று எலிமென்ட் (மூன்று கம்பி) யாகி, அதாவது ஒரு திசையை நோக்கிப் பிடிக்கும் ஆன்டெனா, இதைத் தீர்க்குமா?