சாய்வு உளி கொத்துவது ஏன்?

கேள்வி (கும்பகோணம்):
கடைசல் இயந்திரத்தில் (லேத்) பூவரசு மரத்தில் 40 மி.மீ. விட்டத்துக்கு நாற்காலி கால் கடைகிறேன், வேகம் நிமிடத்துக்கு 900 சுற்று. ரஃபிங் கவுஜில் (கட்டையை முதலில் உருண்டையாக்கும் குழி உளி) உருட்டும்வரை சரி. வழவழப்பாக்க சாய்வு உளி (வெட்டுவாய் சாய்வாக உள்ள தட்டை உளி) வைத்தால் திடீரென மரத்தில் மாட்டிக் கொத்திக்கொண்டு திருகுப் பள்ளம் விழுகிறது. அதே கவுஜில் கிண்ணமும் குடையலாமா?

பதில் (மயிலாடுதுறை):
உளியின் மேல் முனை மரத்தில் பட்டால் கொத்தத்தான் செய்யும். சீவல் வெட்டுவாயின் நடுவிலோ சற்றுக் கீழேயோதான் வரணும். முதலில் வெட்டுவாய்க்குப் பின்னால் உள்ள சரிவுப் பக்கம் வெட்டாமல் மரத்தில் உரசட்டும். கைப்பிடியை மெல்ல உயர்த்துங்க, சீவல் எழும்பும் இடத்தில் நிறுத்துங்க. டூல் ரெஸ்ட் (உளியைத் தாங்கும் சட்டம்) மரத்தின் மையத்துக்குச் சற்று மேலே, மரத்திலிருந்து 5 மி.மீ. தள்ளி. வேகம் 1500க்கு மேல் தாராளமாக வைக்கலாம். மழுங்கிய உளியை அழுத்தினால்தான் வெட்டும், அழுத்தினால் கொத்தும்; அடிக்கடி தீட்டுங்க.

பதில் (தஞ்சாவூர்):
கிண்ணத்துக்கு ரஃபிங் கவுஜ் கூடவே கூடாது! கைப்பிடிக்குள் போகும் அதன் வால் மெல்லிய தட்டை. கிண்ணம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் நாரின் தலைப்பக்கம் (நார் வெட்டுப்பட்டு முடியும் முனைப்பக்கம்) உளிக்கு இருமுறை எதிர்ப்படும். வால் முறிந்து முகத்துக்குப் பறக்கும். உருண்டைக் கம்பியில் செய்த பௌல் கவுஜ் (கிண்ணம் குடையும் குழி உளி) வாங்குங்க.

பதில் (ஆடுதுறை):
பள்ளம் ஒரே சீரான இடைவெளியில் விழுந்தால் கட்டை அதிர்கிறது என்று அர்த்தம். டெயில்ஸ்டாக்கை (கட்டையின் மறுமுனையைத் தாங்கும் பகுதி) இறுக்குங்க, ஆனால் ரொம்ப இறுக்கினால் மெல்லிய கால் வளையும். கட்டை காய்ந்ததா பாருங்க. பச்சைப் பூவரசு கடைந்தபின் சுருங்கி நீள்வட்டமாகிவிடும். நாதஸ்வரம் செய்யும் ஊரான நரசிங்கம்பேட்டையில் பழைய வீடுகளில் இருந்த, நன்றாகக் காய்ந்த ஆச்சா மரத்தைத் தேடுவது இதற்காகவும்தான்.