கூட்டறிக்கைத் தலைப்புக்கு ஒரு சொல்: நீதிமானாக்கப்படுதலா, ஏற்புடைமையா?

மொழிபெயர்ப்பாளர், திருச்சி:

குழுமத்தாருக்கு வணக்கம். லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்கில் கையெழுத்திட்ட கூட்டறிக்கையைத் தமிழாக்கி வருகிறேன். 44 பத்திகள்தாம். சீர்திருத்தத் திருநாளன்று இரு சபையாரும் சேர்ந்து அதில் சிலவற்றை வாசிக்கப்போகிறார்கள். புதன்கிழமை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும், நானோ தலைப்பைத் தாண்டவில்லை. அறிக்கையின் பொருளே 'ஜஸ்டிஃபிகேஷன்', அதாவது பாவியான மனிதன் கடவுள்முன் நீதியுள்ளவனாக நிற்பது எப்படி என்பது. அதற்கு லூத்தரன் தரப்பு 'நீதிமானாக்கப்படுதல்' என்கிறது, கத்தோலிக்கத் தரப்பு 'ஏற்புடையவராதல்' என்கிறது. கிருபையா அருளா, விசுவாசமா நம்பிக்கையா, கிரியையா செயலா என்ற வழக்குகளும் வரிசையில் நிற்கின்றன. முதலில் தலைப்பைத் தீர்த்துக் கொடுங்கள்.

ஓய்வுபெற்ற போதகர், தஞ்சாவூர்:

தம்பி, இதில் தீர்க்க என்ன இருக்கிறது? "மனுஷன் நியாயப்பிரமாணத்தின் கிரியைகளில்லாமல் விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுகிறான் என்று தீர்க்கிறோம்." ரோமர் 3:28. தமிழ் வேதாகமத்தின் பவர் ஐயர் திருத்தம் 1871-இல் வந்தது. அன்றிலிருந்து எழுதப்படிக்கத் தெரியாத பாட்டிமாரும் மனப்பாடமாகச் சொல்லும் வசனம் இது. இருக்கிற சொல்லை விட்டுவிட்டுப் புதுச்சொல் தேடுவானேன்?

அருள்பணியாளர், மதுரை:

போதகர் ஐயாவுக்கு வணக்கம். வம்புக்கு இழுக்கவில்லை, ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீதிமான் + ஆக்கு + படு. 'ஆக்கு' பிறவினை. பாவியாக இருந்தவனைக் கடவுள் உள்ளபடியே நீதிமானாக மாற்றுகிறார் என்றுதானே பொருள்படுகிறது? 1547 ஜனவரியில் எங்கள் திருச்சபையின் திரிதெந்து சங்கம் லூத்தருக்கு மறுமொழியாகச் சொன்னதும் அதுதான்: பாவமன்னிப்போடு நில்லாமல் உள்மனிதன் புதுப்பிக்கப்படுவதும் இதில் அடங்கும். மாற்றம் இனிமேல் நடக்கும், இப்போது நடப்பது தீர்ப்பு மட்டுமே என்று வாதாடியவர்கள் உங்கள் பக்கத்தார். எங்கள் மக்கள் வாசிக்கும் திருவிவிலியமோ 'ஏற்புடையவர்' என்கிறது. தகுதி இல்லாவிட்டாலும் ஏற்கப்படுகிறான் என்றால் அது அசல் லூத்தர் போதனை அல்லவா! இருவரும் வீடு மாறிக் குடியிருக்கிறோம் ஐயா.

போதகர்:

ஃபாதர், ரசித்தேன். ஒப்புக்கொள்ளவில்லை.

இந்தச் சொல்லுக்குக் கிரேக்க மூலத்தில் உள்ள வினை 'டிக்காயோ'. அந்த ஈற்று வினைகள் பெரும்பாலும் 'ஆக்கு' என்ற பொருளில் வருவது உண்மை. ஆனால் 'அக்சியோ' என்றால் தகுதியுள்ளவனாக ஆக்குவதல்ல, தகுதியுள்ளவனாகக் கருதுவது. லூக்கா 7:29-இல் ஜனங்கள் தேவனையே 'டிக்காயோ' செய்கிறார்கள். தேவனை யார் நீதிமானாக்குவது? அவர் நீதியுள்ளவர் என்று ஒத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். நம் மொழிபெயர்ப்பிலும் அங்கே 'ஆக்கு' வரவில்லை.

சரி, தமிழுக்கு வருவோம். 'ஆக்கு' எப்போதும் தன்மையை மாற்றுகிறதா? 1 யோவான் 1:10: நாம் பாவஞ்செய்யவில்லையென்போமானால் "அவரைப் பொய்யராக்குகிறவர்களாயிருப்போம்". நாம் சொல்லித் தேவன் பொய்யராகிவிடுவாரா? "சும்மா இருந்தவனைத் திருடனாக்கிட்டாங்க" என்று ஊரில் சொல்வதில்லையா? பேர் வைப்பதும் ஆக்குவதுதான். ஆகவே 'நீதிமானாக்கு' இரண்டு பொருளையும் தாங்கும். லூத்தர் சொன்ன 'ஒரே நேரத்தில் நீதிமானும் பாவியும்' என்பதற்கும் அதில் இடம் இருக்கிறது.

புலவர், கும்பகோணம்:

இருவரும் வடமொழி மனையில் நின்றுகொண்டு வேலிச்சண்டை போடுகிறீர்கள். நீதியும் தமிழன்று, '-மான்' ஈறும் தமிழன்று. ஸ்ரீமானுக்கு ஸ்ரீமதி என்றால் நீதிமானுக்கு நீதிமதியா? புத்திமதி என்றதும் அறிவுள்ள பெண்ணா நினைவுக்கு வருகிறாள்?

என் பரிந்துரை: தகவேற்பு. 'தகவு' வள்ளுவர் ஆண்ட சொல். "தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப்படும்". தகவு என்றால் நடுவுநிலை, நேர்மை, தகுதி என மூன்றும் அடங்கும்.

விசுவாசத்தையும் விடுங்கள். "நம்பும் மேவும் நசையாகும்மே" என்கிறது தொல்காப்பியம். பழந்தமிழில் நம்புதல் என்றால் விரும்புதல். நம்பிக்கை என்ற சொல்லுக்கு அடியில் அன்பு கிடக்கிறது. அன்பின்றி வெறுமனே 'ஆம்' என்று தலையாட்டுவது நம்பிக்கையாகாது என்று உங்கள் இறையியலார் பக்கம் பக்கமாக எழுதியதைத் தொல்காப்பியர் ஒரு நூற்பாவில் முடித்துவிட்டார். நம்பி, நம்பன், நம்பியாரூரன் ஆகியவற்றையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அது பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

ஆசிரியை, யாழ்ப்பாணம்:

புலவர் ஐயா, அந்தத் தனி மடலுக்குக் காத்திருக்கிறம். ஆனால் ஒரு கேள்வி. எச்சத்தால் காணப்படுவது தகவு எண்டால், விளைவைப் பார்த்துத்தானே ஆளை எடைபோடுறம்? அது ரோமர் நிருபம் எழுதின பவுலடிகளை விட யாக்கோபுக்கு அல்லோ பொருந்துது? "கிரியைகளில்லாத விசுவாசமும் செத்ததாயிருக்கிறது" எண்டு சொன்னவர் அவர்.

கிரியை எண்ட சொல்லிலும் எங்களுக்கு இடைஞ்சல் இருக்கு. எங்கட பக்கம் கிரியை எண்டால் கோயில் கிரியை, இல்லாட்டில் செத்தவீட்டுக் கிரியை. சைவப் பிள்ளையளுக்குச் சரியை, கிரியை, யோகம், ஞானம் எண்டு பாடமும் இருக்கு. கிறிஸ்தவ பாட வகுப்பில 'நற்கிரியை' எண்டு சொன்னால் நல்ல முறையில் செய்த அந்தியேட்டியோ எண்டு கேட்குங்கள். 'நற்செயல்' எண்டு போட்டால் ஒருதருக்கும் குழப்பம் இல்லை.

விசுவாசமும் அப்படித்தான். பிள்ளையளுக்கு விசுவாசம் எண்டால் நாய் எசமானுக்குக் காட்டுறது. கிரேக்கச் சொல்லுக்கு அந்த உண்மைத்தன்மையும் ஒரு பொருள்தான் எண்டு படிச்சிருக்கிறன், அதனால அதை முழுப்பிழை எண்டு சொல்லமாட்டன்.

மென்பொருள் தமிழாக்கம் செய்பவர், ஸ்ரீரங்கம்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எழுத்துச் செயலியில் வரிகளை இரண்டு ஓரமும் ஒட்டவைக்கும் பொத்தானுக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். நான் 'நேர்செய்' என்று போட்டேன். ஆளையும் நேர்செய்யலாமே?

இன்னொன்று. எங்கள் வீடு தென்கலை வைணவம். இறைவன் அடியாரைக் காப்பதற்கு அங்கே ஓர் உவமை சொல்வார்கள். குட்டியைப் பூனை தானே கவ்விக்கொண்டு போகும், குரங்குக்குட்டிதான் தாயைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்று சிறு வயதிலிருந்து கேட்ட கதை. காரணமே இல்லாமல் வரும் கிருபைக்கு 'நிர்ஹேதுக கிருபை' என்பார்கள். அப்படியானால் லூத்தரன்கள் பூனைக்கட்சி, கத்தோலிக்கர் குரங்குக்கட்சி என்று வைத்துக்கொள்ளலாமா?

அருள்பணியாளர்:

வைத்துக்கொள்ள வேண்டாம் தம்பி! நம்பிக்கையின் தொடக்கமே அருளால்தான் என்று 529-இல் ஆரஞ்சு நகரில் கூடிய திருச்சபைச் சங்கம் முடிவு செய்துவிட்டது. பற்றிக்கொள்ளும் கைக்கும் அவர்தான் வலுக்கொடுக்கிறார். கையே இல்லை என்று மட்டும் நாங்கள் சொல்வதில்லை.

தலைப்புக்கு வருகிறேன். அறிக்கையின் 15-ஆம் பத்தியைப் பாருங்கள். நம் தகுதி எதனாலும் அல்ல, அருளால் மட்டுமே கடவுளால் ஏற்கப்படுகிறோம் என்கிறது. நற்செயல்களுக்கு நம்மை அழைக்கும் தூய ஆவியைப் பெறுவதும் அதே வாக்கியத்தில்தான் வருகிறது. 'ஏற்பு' அந்த ஆவணத்துக்குள்ளேயே இருக்கிறது. புலவர் ஐயா கோபிக்கக் கூடாது: 'தகுதியால் அல்ல' என்று சொல்லும் அறிக்கைக்குத் 'தகவேற்பு' என்று தலைப்பிட்டால் முதல் வரியே அடிவயிற்றில் இடிக்கும்.

மொழிபெயர்ப்பாளர்:

ஆதியாகமம் 15:6-ஐப் பிடித்துக்கொண்டு ஒரு முயற்சி. ஆபிரகாம் விசுவாசித்தான், "அதை அவர் அவனுக்கு நீதியாக எண்ணினார்". கிரேக்கத்தில் அந்த 'எண்ணினார்' கணக்குப்பிள்ளைகளின் சொல்லும்கூட. தமிழ் 'எண்ணு'வுக்கும் நினைப்பது, கணக்கிடுவது என இரு பொருள் உண்டு. 'நீதியெண்ணல்' எப்படி?

மென்பொருள் தமிழாக்கம் செய்பவர்:

நீதியெண், ஆதார் எண், கைப்பேசி எண். படிவத்தில் நிரப்பச் சொல்வார்கள்.

போதகர்:

பொருள் பழுதில்லை தம்பி. ஆனால் பீடத்தில் நின்று வாசிக்கிறவர் விளக்கவுரையும் சேர்த்து வாசிக்க வேண்டியிருக்கும். ரோமர் 3:28-இல் 'மட்டும்' என்ற சொல்லைச் சேர்த்ததற்காக லூத்தரைக் கேள்வி கேட்டபோது, 1530-இல் பதில் எழுதினார். வீட்டுத் தாயிடமும் தெருப் பிள்ளைகளிடமும் சந்தைக்காரனிடமும் கேட்டு, அவர்கள் பேசும்படி மொழிபெயர்க்க வேண்டும் என்றார். அவருடைய திருநாளில் யாருக்கும் புரியாத சொல்லையா வாசிப்பது?

புலவர்:

சந்தைக்காரனிடம் கேட்டால் 'ஜஸ்டிஃபை' என்றே சொல்வான். அதையே போட்டுவிடுங்கள்.

மொழிபெயர்ப்பாளர்:

செவ்வாய் இரவாகிவிட்டது. எண்ணிப் பார்த்ததில், தலைப்பில் 'நீதிமானாக்கப்படுதல்' இருக்கட்டும் என்பவர்கள் மூவர். ஃபாதர் தடையில்லை என்று தனி மடலில் சொன்னார், 15-ஆம் பத்தியில் 'ஏற்கப்படுகிறோம்' மாறாமல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. 'ஆக்கு' பற்றி ஓர் அடிக்குறிப்பு உண்டு. அருள், நற்செயல் என்று போட்டிருக்கிறேன். நற்செயல்கள் நீதிமானாக்கப்படுதலின் கனிகள் என்னும் 37-ஆம் பத்தி இப்போது தடையில்லாமல் ஓடுகிறது. விசுவாசம், நம்பிக்கை இரண்டையும் சாய்கோடிட்டு வைத்திருக்கிறேன், அழகாக இல்லை.

போதகர்:

சாய்கோடு அச்சில் இருக்கட்டும். நான் வாசிக்கும்போது விசுவாசம்தான்.

ஆசிரியை:

பெண்பிள்ளையளும் 'நீதிமான்' தானோ? அதை ஒருதரும் சொல்லேல்லை.

புலவர்:

என் மாற்றுக்கருத்தைப் பதிவு செய்யவும். 'தகுதியால் அல்ல' என்று ஃபாதர் காட்டிய முரண் தகவுக்குப் பொருந்தாது, ஏனென்றால் தகவுக்கு அருள் என்ற பொருளும் உண்டு. மேற்கோள்களோடு நாளை எழுதுகிறேன், அச்சகத்தை ஒரு நாள் பொறுக்கச் சொல்லுங்கள்.