உதவி: டாக்குமென்டரி ட்ரெய்லருக்கு எலக்‌ஷன் சர்டிபிகேட் கேக்கறாங்க, எங்க வாங்கறது?

நொய்யல்கரை: அவசரமுங்க. சாயத்தண்ணி பத்தி நாங்க எடுத்த படத்தோட ட்ரெய்லர லோக்கல் கேபிள்ல ஓட்ட காசு கட்டப் போனா, தேர்தல் சர்டிபிகேட் கொண்டா அப்பறம் பாக்கலாம்ங்கறாங்க. நாங்க எந்தக் கட்சியும் இல்லீங்க. தெரிஞ்சவங்க சொல்லுங்.

தறிக்காரன்: ட்ரெய்லர்ல யாரு வர்றாங்க? காசு யாரு பேர்ல கட்டறீங்க? என்னைக்கு ஓட்டோணும்?

சென்னிமலை_மாப்ள: சாயப்பட்டறைக்காரங்க கேபிள்காரங்களுக்கு போன் போட்டு மிரட்டிருப்பாங்க. வேற ஒண்ணுமில்ல.

சட்டம்பேசுவோம்: இத எத்தன தடவ எழுதறது, ஒருத்தரும் பழைய பதிவ தேடிப் பாக்கறதில்ல. 2004 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட் உத்தரவு வந்ததுலருந்து டிவி, கேபிள் அரசியல் விளம்பரத்துக்கு முன்கூட்டியே சான்று வாங்கணும். கட்சி, வேட்பாளர்னா ஓட்டறதுக்கு 3 நாள் முன்னாடி, மத்தவங்க 7 நாள் முன்னாடி மனு குடுக்கணும். சாயத்தண்ணிப் படம் அரசியலான்னு ட்ரெய்லர பாக்காம எப்படி சொல்றது?

கோவைத்தம்பி: அமெரிக்காலயும் இதே பஞ்சாயத்துதான். 2008ல ஹிலாரி கிளின்டன எதிர்த்து ஒரு அமைப்பு எடுத்த படம், அதோட விளம்பரம் ரெண்டுக்கும் சிக்கல் வந்து, 2010ல அந்த ஊரு சுப்ரீம் கோர்ட் 5-4 ஜட்ஜ் கணக்குல அவங்க பக்கம் சொல்லிருச்சு, தேர்தல் சமயத்துல கம்பெனி காசு போட்டு ஓட்டறதயும் தடுக்கக் கூடாதுன்னு. இங்கயும் அப்படி விட்டா என்ன?

சட்டம்பேசுவோம்: பாதிய மட்டும் சொல்லாதீங்க. யாரு காசுன்னு விளம்பரத்துல காட்டோணும்ங்கற விதிய அதே தீர்ப்பு 8-1ன்னு நிக்க வெச்சுது.

தறிக்காரன்: அப்படி விட்டா கோடிக்கணக்குல காசு வெச்சிருக்கற கம்பெனி ஆளுக்கொரு படம் எடுத்து ஓட்டும், சாயத்தண்ணி தேங்குன ஒரத்துப்பாளையம் டேம் தண்ணில காடு கெட்டுப்போன குடியானவன் எங்கீங்க போவான்?

கோவைத்தம்பி: அந்த குடியானவனோட படத்தத்தானுங்க இப்ப நிறுத்தி வெச்சிருக்காங்க!

நொய்யல்கரை: மன்னிக்கோணும், டவர் இல்ல. கடேசி ஷாட்ல எம்எல்ஏ மேடைல பேசறாரு, அதுக்கு மேல "இந்தத் தடவ யோசிச்சு ஓட்டுப் போடுங்க"ன்னு எழுத்து வருது. காசு எங்க டிரஸ்ட் பேர்ல, ஆபீஸ் காங்கயத்துல.

தறிக்காரன்: அத மொதல்லயே சொல்லிருக்கலாமுங்க. தனியாள்னா கலெக்டர் ஆபீஸ்ல இந்த சான்று குடுக்கற மாவட்டக் குழுவே போதும். டிரஸ்ட், சங்கம்னா சென்னைல மாநிலக் குழுதான். வீடியோ ரெண்டு காப்பி, அதுல பேசற வசனத்த எழுதி அட்டெஸ்ட் பண்ணினது, எடுக்கறதுக்கும் ஓட்டறதுக்கும் ஆன செலவு, எந்த வேட்பாளருக்காச்சும் லாபமான்னு ஒரு உறுதிமொழி, எல்லாம் வெக்கோணும். அதுவரைக்கும் உங்க சொந்தப் பக்கத்துல காசு கட்டாம சும்மா போடறதுக்கு சான்று தேவையில்லீங்க, காசு கட்டி ஆன்லைன்ல தள்ளுனா மட்டும் தேவை.

சென்னிமலை_மாப்ள: அப்பவும் போன் போயிருக்கும்னுதான் தோணுது.

நொய்யல்கரை: சென்னைக்கு மனு அனுப்பியாச்சுங்க, ரொம்ப நன்றி. ஓட்டுப்பதிவுக்கு முந்தின நாள் சாயங்காலம் மண்டபத்துல முழுப்படமும் போடறோம், எல்லாரும் வந்துருங்க.

சட்டம்பேசுவோம்: தேதிய மாத்துங்க! ஓட்டுப்பதிவு முடியற நேரத்துக்கு முந்தின 48 மணி நேரம் தேர்தல் விஷயத்த திரைல காட்டவே கூடாது, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 126ஆவது பிரிவு, ரெண்டு வருசம் வரைக்கும் ஜெயில். மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சா?

தறிக்காரன்: @நொய்யல்கரை இதப் பாத்தீங்களா? நோட்டீஸ் அடிக்கறதுக்குள்ள சொல்லுங்க, அதுலயும் அச்சகம், வெளியிடறவரு பேரு முகவரி போடோணும்.