பொருள்: ‘ஜெயில்’ என்பதற்குச் ‘சிறை’ போதுமா?

அன்புள்ள குழுவினருக்கு,

தரவுத்தள வழங்கிகளில் (சர்வர்களில்) பழுது பார்ப்பது பற்றித் தமிழில் ஒரு கையேடு எழுதி வருகிறேன். ஒரே கணினியில் பல வழங்கிகளைத் தனித்தனியாக அடைத்து ஓட்டும் ஏற்பாட்டுக்குப் பொதுப் பெயர் கிடைக்காமல் மூன்றாம் அத்தியாயத்தில் நிற்கிறேன். ஃபிரீபிஎஸ்டி இயங்குதளம் 2000ஆம் ஆண்டு 4.0 பதிப்பில் ‘ஜெயில்’ என்றது. சோலாரிஸ் இயங்குதளம் ‘ஸோன்’ என்றது. டாக்கர் என்ற மென்பொருளின் ‘கன்டெய்ன’ரைக் ‘கொள்கலன்’ என்று எழுதிப் பழகிவிட்டோம். மூன்றுக்கும் பொதுவாகத் ‘தனிமைப்படுத்தப்பட்ட சூழல்’ என்று எழுதிப் பார்த்தேன். 2020க்குப் பிறகு அதைப் படிப்பவருக்கு வீட்டு வாசலில் ஒட்டிய நோட்டீசுதான் நினைவுக்கு வரும்.

‘சிறை’ என்றே வைக்கலாம் என்கிறார்கள். எனக்கு அதில் சங்கடம் உண்டு. சிறை என்றதும் நான்கு பக்கமும் கருங்கல் சுவர் என்று படிப்பவர் நம்பிவிடுவார். நாங்களும் அப்படித்தான் நம்பினோம்.

ஃபிரீபிஎஸ்டி 10 ஓடிய கணினி அது. இரண்டு ஜெயில்கள், இரண்டிலும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் 9 வரிசை, இரண்டிலும் இணைப்பு வாசலுக்கான போர்ட் எண் 5432, பயனர் எண்ணும் ஒன்றே. ஐபி முகவரி வேறு, கோப்புகள் வேறு என்பதால் மோதலுக்கு வழியே இல்லை என்று இருந்தோம். இரண்டாவது வழங்கியைத் தொடங்கினோம். அது சமர்த்தாக எழுந்துகொண்டது. முதலாவது, செமஃபோரைக் (நிரல்கள் ஒன்றையொன்று முந்தாமல் முறைகாக்கும் கொடியை) காணோம் என்று புலம்பியபடி விழுந்தது. விழுந்ததன் பதிவுக் கோப்பையே ஆள்மாற்றி ஆள் படித்துக்கொண்டிருந்தோம். பக்கத்து அறையை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

நடந்தது இதுதான். சிஸ்டம் ஃபைவ் என்ற பழைய யூனிக்ஸ் வகைச் செமஃபோர்களும் பகிர் நினைவகமும் அப்போது எல்லா ஜெயில்களுக்கும் பொது. அவற்றைப் பயன்படுத்த அனுமதி கொடுத்தவர்களும் நாங்களே. அவற்றை அடையாளம் காணும் சாவி எண்ணைப் போஸ்ட்கிரெஸ் போர்ட் எண்ணிலிருந்து உருவாக்கும். ஆகவே இரண்டுமே 5432001 என்ற ஒரே இடத்திற்கு வந்தன. அங்கே ஏற்கெனவே ஒரு செமஃபோர் தொகுப்பு இருந்தது. அதை உருவாக்கிய செயல்முறை (ஓடும் நிரல்) உயிரோடு இருக்கிறதா என்று இரண்டாவது வழங்கி தேடியது. அடுத்த ஜெயிலில் ஓடும் செயல்முறை இதன் கண்ணுக்குத் தெரியாதே! செத்தவன் விட்டுப்போன குப்பை என்று முடிவு கட்டி அழித்துவிட்டது. பொது மொட்டை மாடியில் காயும் துணிக்கு உரியவரைக் காணோம் என்று தூக்கி எறிந்த கதைதான்.

ஒரு பயனரின் தொகுப்பை இன்னொரு பயனர் அழிக்க முடியாது. ஆகவே பயனர் எண்ணை மாற்றியதும் தீர்ந்தது. போர்ட்டை மாற்றியிருந்தாலும் தீர்ந்திருக்கும். 2016இல் வந்த ஃபிரீபிஎஸ்டி 11இல் ஒவ்வொரு ஜெயிலுக்கும் இவற்றைத் தனியாகவே ஒதுக்கலாம். போஸ்ட்கிரெஸ் 12 சாவிக்குப் போர்ட் எண்ணை நம்புவதையும் விட்டுவிட்டது.

எனவே என் பரிந்துரை ‘தடுப்பறை’. பழைய அலுவலகங்களின் பலகைத் தடுப்பு கூரையைத் தொடாது. பக்கத்து அறைப் பேச்சு மேலாக வந்துகொண்டே இருக்கும்.

* * *

தம்பி,

மொட்டை மாடிக் கதை நன்று, சொல் நன்றன்று. தடுப்பு என்றதும் எனக்குத் தடுப்புக் காவல்தான் நினைவுக்கு வருகிறது. சிறையிலிருந்து தப்பிக் காவலில் சிக்கியிருக்கிறீர்கள். திருவல்லிக்கேணியில் ஒண்டுக்குடித்தனம் இருந்தவன் நான். அறைகள் தனி, முற்றமும் கிணறும் பொது. நீங்கள் விவரிப்பது அதையேதான். ‘ஒண்டறை’ என்று சுருக்கிக்கொள்ளுங்கள். இலக்கணத்திலும் குறையில்லை.

* * *

ஐயா,

‘ஒண்டறை’யை இரண்டு நாள் அலுவலகத்தில் புழங்கிப் பார்த்தேன். “இந்தக் கணினியில் மூன்று ஒண்டறை ஓடுகிறது” என்று தொலைபேசியில் சொன்னால், எதிர்முனையில் நாலரை என்று கணக்குப் போடுகிறார்கள். ‘குடியறை’ என்று மாற்றினேன். அதற்குக் கிடைத்த சிரிப்பை இங்கே எழுத வேண்டாம். தடுப்புக் காவல் நினைவுக்கு வந்தாலும் வரட்டும், தடுப்பறையே இருக்கட்டும் என்று தோன்றுகிறது. கட்டளைப் பெயராக வரும் இடத்தில் ‘ஜெயில்’ என்றே எழுதுவேன், கொள்கலனைத் தொடமாட்டேன்.

ஆனால் உங்கள் மடலிலிருந்து வேறொரு சொல்லை எடுத்துக்கொண்டேன். தடுப்பறைகள் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் இயங்குதளக் கருவகத்துக்கும் (கெர்னலுக்கும்) அதன் வளங்களுக்கும் ‘முற்றம்’. பழுது பார்ப்பவர் முதலில் தாய்க் கணினியில், செமஃபோர்களையும் பகிர் நினைவகத்தையும் பட்டியலிடும் ‘ஐபிசிஎஸ்’ கட்டளையை ஓட்டி, முற்றத்தில் யாருடைய பொருள் கிடக்கிறது என்று பார்க்க வேண்டும் என எழுதியிருக்கிறேன். டாக்கரில் கதை தலைகீழ். அங்கே பகிர் நினைவகம் தனியாகவே கிடைக்கிறது, ஆனால் மாற்றாவிட்டால் 64 எம்பிதான். தாய்க் கணினியில் நினைவகம் எவ்வளவு காலியாக இருந்தாலும், பெரிய வினவல் ஒன்று இணையாக ஓடத் தொடங்கினால் இடமில்லை என்று விழும். அது முற்றத்துச் சண்டை அன்று, அறை சிறியது என்ற குறை. இரண்டையும் ஒரே தலைப்பில் வைத்திருந்தேன், இப்போது பிரித்துவிட்டேன்.

‘முற்றம்’ என்பதற்கு மறுப்பிருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், ஐயா. திங்களன்று அத்தியாயத்தை மெய்ப்புப் பார்க்கக் கொடுக்கிறேன்.