புதுப்பிப்பு: சோயா ஹெட்டில் காற்றுக் குழாய் மாட்டிய பிறகு

முன்பு கேட்டிருந்தேன்: வடக்கு டகோட்டாவில் நான் வேலை பார்க்கும் பண்ணையில், குட்டையான சோயாவை அறுவடை இயந்திரத்தால் அறுக்கும்போது கத்திக்கும் ஆகருக்கும் (அறுத்ததை உள்ளே இழுக்கும் திருகு உருளை) நடுவே காய்கள் தேங்கி, வெடித்து, தரையில் கொட்டுகின்றன, பழைய ஹெட்டிலேயே (இயந்திரத்தின் முன்னால் இருக்கும் அறுக்கும் பகுதி) காற்று அமைப்பை மாட்டலாமா, ஆகருக்குப் பதில் ஓடும் பட்டையால் இழுக்கும் புது டிராப்பர் ஹெட்டே வாங்கலாமா என்று. முதலாளி மாட்டச் சொல்லிவிட்டார். டிராப்பர் விலையைக் கேட்டால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

ஹெட்டின் ஓரத்தில் ஒரு விசிறி, செடியைக் கத்திப் பக்கம் சாய்க்கும் ரீலுக்கு முன்னால் குறுக்கே ஒரு தடித்த குழாய், அதிலிருந்து கத்தியை நோக்கி இறங்கும் சிறு குழாய்கள். அவ்வளவுதான். ஆனால் முனையின் கோணத்தில்தான் எல்லாமே இருக்கிறது. காற்று கத்தியை ஒட்டிப் பின்பக்கம் விழ வேண்டும். முன்னால் விழுந்தால் நிற்கிற செடியையே உலுக்கிக் காயை உதிர்த்துவிடும்.

பலன் கண்ணுக்கே தெரிகிறது. அறுத்த காய் மேடையில் நிற்காமல் நேரே ஆகருக்குள் ஓடுகிறது. இங்கே ஒரு கணக்கு உண்டு: சதுர அடிக்கு 4 விதை கிடந்தால் ஏக்கருக்கு ஒரு புஷல், அதாவது சுமார் 27 கிலோ போச்சு. அளவெடுக்கும் சதுரச் சட்டத்தைத் தரையில் போட்டு, உள்ளே கிடந்த விதையை எண்ணினேன். முன்பைவிட நன்றாகவே குறைந்திருக்கிறது. அதுவும் விதையின் ஈரம் 13 சதவீதத்துக்குக் கீழே இறங்கி, காய் தொட்டாலே வெடிக்கும் பிற்பகலில்தான் வித்தியாசம் அதிகம். காலைப் பனியில் பெரிதாக ஒன்றுமில்லை.

தொல்லையும் உண்டு. விசிறி எஞ்சினின் சக்தியைத் தின்கிறது, மேட்டில் ஏறும்போது தெரியும். காற்று உள்ளே போகும் வலையில் சருகு ஒட்டிக்கொள்கிறது. டீசல் போட நிறுத்தும்போதெல்லாம் துடைத்துவிடுங்கள். அப்புறம், தரையோடு கிடக்கும் காயை இது தூக்காது. அதற்குக் கத்தியை இறக்கித்தான் ஆக வேண்டும்.