முதல் முறை ஆலயத்திற்கு வருபவர் அடுத்த ஞாயிறும் வர என்ன செய்யலாம்?

கேள்வி: காட்பாடிக்காரன்

அனைவருக்கும் வணக்கம். காட்பாடிக்கு அருகில் உள்ள தென்னிந்தியத் திருச்சபை ஆலயம் ஒன்றில் மூன்று ஆண்டுகளாகச் சேகரக் கமிட்டியில் (சபையின் நிர்வாகக் குழுவில்) இருக்கிறேன். ஆலய வாசலில் ஒரு மேசையும், அதன்மேல் ஒரு நீள நோட்டும், சணல் கயிற்றில் கட்டிய பேனாவும் வைத்து, புதிதாக வருகிறவர்களின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் எழுதி வாங்குகிறோம். அறிவிப்பு நேரத்தில் ஆயர் அவர்களை எழுந்து நிற்கச் சொல்லிப் பெயரும் ஊரும் கேட்பார், சபையார் கைதட்டுவார்கள். இதைவிட நல்ல வரவேற்பு வேறு எந்தச் சபையில் இருக்கிறது என்று நாங்களே பெருமைப்பட்டுக்கொண்டதும் உண்டு. சென்ற வாரம் அந்த நோட்டைப் புரட்டியபோதுதான் உறைத்தது: பக்கம் பக்கமாகப் பெயர்கள் இருக்கின்றன, அவற்றில் இன்றும் எங்களோடு அமர்ந்து ஆராதிக்கிறவர்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம்.

எங்களிடம் வருகிறவர்கள் ஒரே வகையினர் அல்லர். கல்லூரி மாணவர்கள் வருகிறார்கள்; சி.எம்.சி. மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தவர்களும், சிகிச்சைக்காக வடமாநிலங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருப்பவர்களும் வருகிறார்கள். புதிதாக வீடு கட்டிக் குடிவந்த குடும்பங்களும், கிறிஸ்தவர் அல்லாதவர்களும் அவ்வப்போது வருகிறார்கள். இவர்களில் ஒருவர் இரண்டாம் முறை வர எது காரணமாகிறது, வராமல் போக எது காரணமாகிறது என்பதை அனுபவத்திலிருந்து சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: பாகாயம் செவிலியர்

ஐயா, அந்த நோட்டில் பெயர் எழுதியவள் என்ற நிலையிலிருந்து பேசுகிறேன். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வேலைக்காக வேலூருக்கு வந்த முதல் மாதத்தில் நான் ஒரு சபைக்குப் போனேன். எந்தச் சபை என்பது இங்கே வேண்டாம். எழுந்து நிற்கச் சொன்னார்கள், நின்றேன். எல்லாத் தலைகளும் திரும்பின. நான் என் பெயரைச் சொன்ன குரல் எனக்கே கேட்கவில்லை. ஆராதனை முடிந்ததும் இரண்டு பெண்கள் அன்பாகத்தான் வந்து பேசினார்கள். சொந்த ஊர் எது, ஊரில் எந்தப் பக்கம், அப்பா என்ன வேலை, அங்கே எந்தச் சபை என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்விகள் வந்தபோது, அவை எங்கே போய் முடியும் என்று தமிழ்நாட்டில் பிறந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. நான் அங்கே மறுபடி போகவில்லை.

அதற்குப் பிறகு போன சபையில் என்னை யாரும் எழுந்து நிற்கச் சொல்லவில்லை. 1950-இல் தென்னிந்தியத் திருச்சபை வகுத்த திருவிருந்து (அப்பமும் திராட்சரசமும் பகிரும் ஆராதனை) முறைமையிலேயே சமாதான வாழ்த்தைக் கையிலிருந்து கைக்குக் கடத்தும் வழக்கம் உண்டு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இப்போது பல இடங்களில் அது கும்பிடாகச் சுருங்கிவிட்டது. அந்தச் சபையில் பழைய முறை இருந்தது. எனக்கும் பக்கத்தில் இருந்தவர்களுக்கும் இடையே பெஞ்சில் இரண்டு பேர் உட்காரும் அளவுக்கு இடைவெளி இருந்ததால், வாழ்த்து அந்த இடைவெளியோடு நின்றுவிடும் என்றுதான் நினைத்தேன். முன் வரிசையிலிருந்து ஒரு வயதான அம்மா எழுந்து வந்து, என் வலக்கையைத் தம் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து, "சமாதானம், மகளே" என்றார். பெயரைத் தவிர வேறெதையும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு வாசலிலேயே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

ஆனால் நான் அந்தச் சபையைச் சேர்ந்தவள் ஆனது அன்றைக்கு அல்ல. சில வாரங்கள் கழித்து, சபையார் காணிக்கையாகக் கொண்டுவரும் விளைபொருள்களை ஏலம் விடும் அறுப்பின் பண்டிகை வந்தது. "உன் கையெழுத்து நன்றாக இருக்குமே, ஏலக் கணக்கை நீ எழுதுகிறாயா?" என்று அதே அம்மா கேட்டார். பூசணிக்காய், வாழைத்தார், காலைக் கட்டிய கோழி என்று ஒவ்வொன்றாக ஏலம் போக, எடுத்தவர் பெயரையும் தொகையையும் நான் எழுதினேன். "பெயர் சொல்லுங்கள் ஐயா" என்று எல்லாரையும் கேட்கும் உரிமை அன்று எனக்குத்தான் இருந்தது. மதியத்திற்குள் பாதிச் சபையின் பெயர் எனக்குத் தெரிந்துவிட்டது. பணம் கட்ட வந்தவர்கள் எல்லாரும் என்னைத் தேடி வந்தார்கள். ஆறு மாதம் கைதட்டியிருந்தாலும் இது நடந்திருக்காது.

பதில் 2: ராணிப்பேட்டை ஓய்வுபெற்ற ஆசிரியர்

சகோதரி எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஊரைக் கேட்பவர்கள் எல்லாருமே சாதியைத்தான் கேட்கிறார்கள் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அமெரிக்க மிஷனரிகளான ஸ்கடர் சகோதரர்கள் 1853-இல் தொடங்கிய ஆற்காடு மிஷனின் வழியாக இந்தப் பகுதியில் உருவான கிராமச் சபைகளில் பல, தனித்தனி ஆட்களாக அல்லாமல், குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தவர்களால் அமைந்தவை. அதனால் எங்கள் சபைகளில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சித்தப்பாவாகவோ சம்பந்தியாகவோ இருப்பார். "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்பது எங்கள் பெரியவர்களுக்குத் தெரிந்த ஒரே வரவேற்பு. ஏதாவது ஓர் உறவு கண்டுபிடிக்கப்பட்டுவிட்டால் அன்று மதியச் சாப்பாடு அந்த வீட்டில்தான்.

உறவு எதுவும் கண்டுபிடிக்க முடியாதவர் வரும்போதுதான் இந்த வழக்கம் முறிகிறது. அவருக்கு எங்கள் ஆலயம், அழைப்பில்லாமல் நுழைந்துவிட்ட கல்யாண வீடு போலத் தோன்றும். எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள், அவரிடம் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், ஆனால் அவர் எங்கே நிற்பது என்று அவருக்குத் தெரியாது. ஆசீர்வாதம் முடிந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, கேட்டைத் தாண்டும் வரை உள்ள பத்து நிமிடங்களில்தான் புதியவரை நாம் இழக்கிறோம் என்பது என் கணிப்பு; ஏனெனில் அந்தப் பத்து நிமிடமும் நாம் நம் உறவினரோடும் கமிட்டி வேலைகளோடும் மும்முரமாக இருக்கிறோம். வரவேற்புக் குழு என்று ஒன்றை அமைத்து, சட்டையில் அட்டை குத்திவிடுவதால் பயன் இல்லை. அதற்குப் பதிலாக, ஒவ்வொரு ஞாயிறும் ஒரு குடும்பம் அந்தப் பத்து நிமிடத்திற்குத் தம் சொந்தபந்தங்களோடு பேசுவதில்லை என்று ஏற்றுக்கொள்ளட்டும். புதியவர் ஒருவராவது அன்று ஒரு வீட்டில் காபி குடித்துவிட்டுப் போனால், "யார் வீட்டுப் பிள்ளை?" என்ற கேள்விக்கு அடுத்த வாரம் அவருக்கும் ஒரு பதில் இருக்கும்.

பதில் 3: வாலாஜா வாலிபர் சங்கம்

ஆசிரியர் ஐயா மன்னிக்க வேண்டும். கேட்பவரின் மனத்தில் அன்பு மட்டுமே இருந்தாலும், கேட்கப்படுபவரின் காதில் அந்தக் கேள்வி எப்படி விழுகிறது என்பதைத்தான் சகோதரி எழுதியிருக்கிறார். பொன் மோதிரக்காரனுக்கு நல்ல இடமும் கந்தையானவனுக்குப் பாதபடியும் காட்டியவர்களை யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் கண்டிக்கிறது; அவர்களும் தங்களை அன்பில்லாதவர்கள் என்று நினைத்திருக்க மாட்டார்கள். ஊரைப் பற்றிய பேச்சு புதியவர் வாயிலிருந்தே வரட்டும். அதுவரை, வேலூர் வெயில் பழகிவிட்டதா என்று கேட்கலாம். அதைப் பற்றிச் சொல்ல எல்லாரிடமும் நிறைய இருக்கிறது.

பதில் 4: தோட்டப்பாளையம்

சிகிச்சைக்கு வருகிறவர்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள் ஆகியவற்றிலிருந்து வருகிற கிறிஸ்தவர்கள் சில வாரங்களுக்கு மேல் இங்கே இருப்பதில்லை. அவர்களிடம் கைப்பேசி எண் வாங்கி, சபையின் வாட்ஸாப் குழுவில் சேர்த்து, தமிழில் தினமும் அனுப்பும் வசனங்களால் என்ன பயன்? அவர்கள் உறுப்பினராக வரவில்லை. நோயாளியைக் கட்டிலில் விட்டுவிட்டு ஒரு மணி நேரம் மூச்சு விட வந்திருக்கிறார்கள்.

எங்கள் ஆலயத்தில் பாட்டு எண் மாட்டும் மரப்பலகை ஒன்று உண்டு. ஒரு முறை மிசோரமிலிருந்து வந்த ஒருவர், மருத்துவமனைத் தாள்கள் வைத்த பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு, பிரசங்கம் முழுவதும் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரால் படிக்க முடிந்தது அதில் இருந்த எண்களை மட்டுமே. அதற்குப் பிறகு வேதப்பகுதியின் பெயரை ஆங்கிலத்தில் எழுதி, அதிகாரத்தையும் வசனத்தையும் எண்களால் குறித்து அதே பலகையில் மாட்டத் தொடங்கினோம். இப்போது வாசிப்பு தொடங்கியதும் அப்படிப்பட்டவர்கள் கைப்பேசியில் தங்கள் மொழி வேதாகமத்தைத் திறந்துகொள்கிறார்கள். செலவு ஒரு சாக்பீஸ். விடைபெறும்போது நோயாளியின் பெயரைக் கேட்டு, அடுத்த ஞாயிறு ஜெபத்தில் அதைத் தவறாக உச்சரித்தாவது சொல்லுங்கள். சிகிச்சை முடிந்து புறப்படும் நாளில் ரயிலுக்கு முன்பு நம்மைத் தேடி வந்து சொல்லிக்கொண்டு போவார்கள்.

பதில் 5: சத்துவாச்சாரி

நான் கிறிஸ்தவன் அல்லன். மனைவியோடு ஆலயத்திற்கு வருகிறவன். முதல் நாள் எனக்கு இருந்த பயங்கள் மிகச் சிறியவை: செருப்பை எங்கே விடுவது, ஆண்கள் எந்தப் பக்கம் உட்காருவது, காணிக்கைப் பை வரும்போது போட்டே ஆக வேண்டுமா, எல்லாரும் பீடத்தை நோக்கி எழுந்து போகும்போது நான் மட்டும் உட்கார்ந்திருந்தால் தவறாக எண்ணுவார்களா. திருவிருந்துக்கு முன் ஆயர், "ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் பெற்றவர்கள் முன்வாருங்கள், மற்றவர்கள் தங்கள் இடத்திலேயே அமர்ந்து எங்களோடு ஜெபியுங்கள்" என்று சாதாரணமாகச் சொல்லியிருந்தால், அந்தக் கால் மணி நேரத்தை நான் தரையைப் பார்த்துக்கொண்டே கழித்திருக்க வேண்டாம்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: காட்பாடிக்காரன்

அனைவருக்கும் நன்றி. நேற்று கமிட்டியில் இவற்றை வாசித்துக் காட்டினேன். எழுந்து நிற்கச் சொல்வதை நிறுத்த ஆயர் உடனே சம்மதித்தார். அது அவருக்கும் பிடிக்காத வழக்கம் என்று அப்போதுதான் தெரிந்தது. நோட்டு இருக்கட்டும் என்று பெரும்பாலோர் சொன்னார்கள். ஆனால் ஊர் என்ற பத்தியை அடித்துவிட்டு, எத்தனை நாள் வேலூரில் இருப்பீர்கள் என்று கேட்கப் போகிறோம். குடும்பத்திற்கு ஒரு ஞாயிறு என்ற யோசனைக்கு நான்கு வீட்டார் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஐந்தாவது வீட்டார் காபிக்குப் பதில் பிரியாணிதான் என்று பிடிவாதமாக இருக்கிறார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். திருவிருந்துக்கு முன் சொல்ல வேண்டிய அந்த வாக்கியத்தை ஆயர் எழுதி வைத்துக்கொண்டார்.

அறுப்பின் பண்டிகை ஏலக் கணக்குதான் மிச்சம். எங்கள் சபையில் அதை நான் வாலிபனாக இருந்த காலத்திலிருந்து செயலாளர் ஐயா ஒருவரே எழுதிவருகிறார். தொகையில் ஒரு ரூபாய்கூடத் தவறியதில்லை. அந்த நோட்டை இந்த ஆண்டு ஒரு புதிய ஆளிடம் கொடுக்கும்படி அவரிடம் எப்படிச் சொல்வது என்று யாருக்காவது தோன்றினால், தயவுசெய்து எழுதுங்கள்.