பழைய ஃப்ரீசர் போயிடுச்சு, நம்பி வாங்க எதைப் பார்க்கணும்?

இரட்டையர் அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்கு ஒரு தனி ஃப்ரீசர் வாங்கணும். கேட்க சாதாரண விஷயம் மாதிரி இருக்கும், ஆனா எனக்கு இப்போ இதைவிட முக்கியமானது எதுவும் இல்ல.

எனக்கு இரட்டைப் பிள்ளைங்க, அஞ்சு மாசம் ஆகுது. அடுத்த மாசம் வேலைக்குத் திரும்பணும். அதுக்காக மூணு மாசமா ராத்திரி ரெண்டு மணிக்கும் விடியக்காலம் அஞ்சு மணிக்கும் எழுந்து, பால் எடுத்து, பையில ஊத்தி, தேதி எழுதி ஃப்ரீசர்ல அடுக்கிட்டு வந்தேன். மொத்தம் 140 பை. ஒண்ணு ஒண்ணும் 100 மில்லி.

ஃப்ரீசர் ஒன்பது வருஷம் பழசு. நின்ன வாக்குல இருக்கிற ஃப்ராஸ்ட் ஃப்ரீ. ஒரு வாரமா அதுல இருந்து 'டிக்'னு ஒரு சத்தம் வரும், ரெண்டு மூணு செகண்ட் உறுமும், மறுபடி 'டிக்'. அப்புறம் அமைதி. கொஞ்ச நேரம் கழிச்சு திரும்பவும் அதே. பால் எடுக்கும்போது பக்கத்துலயேதான் உட்கார்ந்திருப்பேன், தினமும் கேட்டேன். அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியல.

போன வியாழக்கிழமை காலையில கதவைத் திறந்தா குளிரே அடிக்கல. மேல்தட்டுப் பையெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு. கீழ்த்தட்டுல 31 பையில மட்டும் விரலால அழுத்தினா நடுவுல ஐஸ் தட்டுப்பட்டது. அதை மட்டும் அக்கா வீட்டு ஃப்ரீசருக்குக் கொண்டுபோனோம். மீதி 109 பையையும் நானே ஒண்ணொண்ணா வெட்டி சிங்க்ல ஊத்தினேன். ஒவ்வொண்ணுலயும் என் கையெழுத்துல தேதி. ஒரு பையில 'ரெண்டு பேரும் முதல்முறை குப்புற விழுந்த நாள்'னு எழுதி வச்சிருந்தேன்.

வந்து பார்த்த மெக்கானிக், கம்ப்ரஸர் போயிடுச்சு, பின்னாடி இருக்கிற காயிலும், அதாவது குழாய்ச் சுருளும் அரிச்சிருக்கு, இதுக்கு மேல செலவு பண்ணாதீங்கன்னு சொல்லிட்டார். நேர்மையா சொன்னதுக்கு அவருக்கு நன்றி.

இனிமே வாங்குறது ஏமாத்தக் கூடாது. மேலே திறக்கிற பெட்டி மாதிரி வாங்கலாமா, கதவு வச்சதா? ஃப்ராஸ்ட் ஃப்ரீ வேணுமா? இன்வெர்ட்டர் கம்ப்ரஸர், பத்து வருஷ வாரண்டின்னு ஒட்டியிருந்தா நம்பலாமா? எவ்வளவு பெருசு போதும்? பகல்ல நான் வீட்ல இருக்க மாட்டேன், நின்னு போனா யாருக்குத் தெரியும்ங்கிறதுதான் பெரிய பயம்.

மாடிவீடு:

படிக்கவே மனசு கஷ்டமா இருக்கு. நான் ஃப்ராஸ்ட் ஃப்ரீதான் வச்சிருக்கேன், இழுப்பறை இழுப்பறையா இருக்கும். எது பழைய தேதி, எது புதுசுன்னு ஒரு பார்வையில தெரிஞ்சிடும். ஐஸ் சுரண்டுற வேலை கிடையாது. கைக்குழந்தை ரெண்டு வச்சுக்கிட்டு ஐஸ் உருக்கிட்டு இருக்க யாருக்கு நேரம்? ஆறு வருஷமா ஒரு பிரச்சனையும் இல்ல. என் ஓட்டு அதுக்குத்தான்.

குளிர் மெக்கானிக்:

தங்கச்சி, 24 வருஷமா ஃப்ரிட்ஜும் ஃப்ரீசரும்தான் என் தொழில். நீங்க எழுதின சத்தத்தைப் படிச்சதும் எனக்குப் புரிஞ்சிடுச்சு. கம்ப்ரஸர் ஓட முயற்சி பண்ணுது, ஓட முடியல, கரண்டை அதிகமா இழுத்து சூடாகுது. உடனே பக்கத்துல இருக்கிற ஓவர்லோட்ங்கிற பாதுகாப்பு சுவிட்ச் கரண்டை கட் பண்ணிடும். அதான் அந்த ரெண்டாவது 'டிக்'. ஆறினதும் மறுபடி முயற்சி. சில நேரம் கம்ப்ரஸரைக் கிளப்பிவிடுற ரிலே மட்டும் போயிருக்கும், சின்னப் பொருள், பத்து நிமிஷ வேலை. உங்களோடது ஒன்பது வருஷம் ஓடி காயிலும் அரிச்சதுன்னா ரிலே மாத்தியிருந்தாலும் ரொம்ப நாள் தாங்கியிருக்காது. அதனால அந்த ஒரு வாரத்தை நினைச்சு மனசைப் போட்டு வருத்திக்காதீங்க. இனிமே யார் வீட்லயாவது அந்தச் சத்தம் கேட்டா, உள்ளே இருக்கிறதை முதல்ல வேற இடத்துக்கு மாத்துங்க, அப்புறம் மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.

உங்க தேவைக்கு நான் சொல்றது, மேலே திறக்கிற பெட்டி. சாதாரண டைரக்ட் கூல், அதாவது ஃபேன் இல்லாம காயிலே நேரா குளிர வைக்கிறது. குளிர்ந்த காத்து கனமானது, மூடியைத் திறந்தாலும் பெட்டிக்குள்ளேயே தங்கும். கதவு வச்சதுல திறந்த உடனே கால்ல ஜில்லுன்னு படுது பாருங்க, அது உள்ளே இருந்து வெளியே கொட்டுற குளிர்தான். பெட்டியில சுவரும் தடிமனா இருக்கும். நிறைய அடுக்கி, மூடியைத் திறக்காம வச்சா கரண்ட் இல்லாமலே 48 மணி நேரம் வரை உறைஞ்சே இருக்கும், பாதிதான் இருக்குன்னா 24 மணி நேரம்னு பொதுவா கணக்கு. காலியா இருக்கிற இடத்துல தண்ணி பாட்டிலை அடுக்கிடுங்க, கொஞ்சம் குறைச்சு ஊத்தி, உறையும்போது விரியும்.

மாடிவீடு சொன்னது தப்புன்னு சொல்லல. ஃப்ராஸ்ட் ஃப்ரீல வேலை மிச்சம்தான். ஆனா உள்ளே ஒரு ஃபேன், ஐஸ் உருக்க ஒரு ஹீட்டர், ஒரு சென்சார், எல்லாத்தையும் நடத்த டைமரோ எலக்ட்ரானிக் போர்டோ இருக்கும். நான் போய்ப் பார்க்கிற ஃப்ராஸ்ட் ஃப்ரீ ரிப்பேர்ல பாதிக்கு மேல கம்ப்ரஸர் நல்லாவே இருக்கும், இந்த நாலுல ஒண்ணுதான் போயிருக்கும். டைரக்ட் கூல்ல அதெல்லாமே கிடையாது. கம்ப்ரஸர், ரிலே, குளிரைக் கட்டுப்படுத்துற தெர்மோஸ்டாட், மூடி ரப்பர், அவ்வளவுதான். இல்லாத பொருள் கெட்டுப்போகாது.

அதுல ஒரு குறையும் இருக்கு, மறைக்கக் கூடாது. குளிர் காயில் சுவருக்குள்ள ஃபோமுக்கு நடுவுல புதைஞ்சிருக்கும். அங்க ஓட்டை விழுந்தா அனேகமா ஒண்ணும் செய்ய முடியாது. நான் தொழில் கத்துக்கிட்ட முதல் வருஷம், ஒரு வீட்ல ஐஸ் கெட்டியா பிடிச்சிருந்துச்சு. அவசரத்துல ஸ்க்ரூடிரைவரை வச்சு ஒரு தட்டு தட்டினேன். 'உஸ்ஸ்'னு ஒரு சத்தம். ஐஸ் மேல எண்ணெய் மாதிரி ஒரு துளி வந்து நின்னுச்சு. உள்ளே குளிர வைக்கிற கேஸ் மொத்தமும் வெளியே போச்சு, நல்லா ஓடிட்டு இருந்த ஃப்ரீசர் அன்னையோட முடிஞ்சது. அந்த வீட்டம்மா என்னைத் திட்டக்கூட இல்ல, வாயடைச்சுப் போய் நின்னாங்க. அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கல. ஐஸ் விரல் தடிமனுக்கு வர்றதுக்குள்ள சுவிட்சை அணைச்சு, மூடியைத் திறந்து வச்சு, உள்ளே ஒரு பாத்திரத்துல சுடுதண்ணி வைங்க, தானா கழண்டு வரும். கத்தி, கம்பி எதுவும் கிட்ட போகக் கூடாது.

பத்து வருஷ வாரண்டிங்கிறது பெரும்பாலும் கம்ப்ரஸருக்கு மட்டும். கேஸ் நிரப்புற செலவு, போர்டு, கூலி இதெல்லாம் அதுல வருமான்னு வாரண்டி அட்டையில படிச்சுப் பாருங்க. அதைவிட முக்கியமா, இந்த மாடலுக்கு மூடி ரப்பரும் தெர்மோஸ்டாட்டும் தனியா கிடைக்குமான்னு கேளுங்க. மழுப்பினா அந்த மாடல் வேண்டாம்.

இன்வெர்ட்டர் கம்ப்ரஸர்னா தேவைக்கேத்த மாதிரி வேகத்தைக் கூட்டிக் குறைச்சு ஓடுறது. நல்லதுதான், சத்தம் கம்மி, கரண்டும் மிச்சம். ஆனா அதோட உயிர் போர்டுல இருக்கு. உங்க வீட்ல லைட் அடிக்கடி மங்கிப் பளிச்சுன்னு ஆகுதுன்னா ஸ்டெபிலைசர் இல்லாம வைக்காதீங்க. போன கரண்ட் திரும்பினதும் உடனே ஓடாம அஞ்சு நிமிஷம் கழிச்சு ஓடுற மாதிரி இருக்கிற ஸ்டெபிலைசரா பாருங்க, உள்ளே அழுத்தம் சமமாக அந்த நேரம் வேணும்.

கடையில பெட்டியில ஒட்டியிருக்கிற தகட்டைப் படிங்க. இங்கிலீஷ்ல 'டி' (T)ன்னு போட்டிருந்தா அறை 43 டிகிரி வரைக்கும் சூடானாலும் தாங்கும், 'எஸ்டி' (ST)ன்னா 38, வெறும் 'என்' (N)னா 32 தான். உங்க ஊர் வெயிலுக்கு எதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. அடுத்தது, ஒரு பெரிய நட்சத்திரமும் பக்கத்துல மூணு சின்ன நட்சத்திரமும் இருக்கான்னு பாருங்க. அது கரண்ட் சிக்கனத்துக்குப் போடுற நட்சத்திரம் இல்ல, ரெண்டையும் குழப்பிக்க வேண்டாம். மைனஸ் 18 டிகிரியில வைக்கவும், புதுசா வைக்கிறதை உறைய வைக்கவும் முடியும்னு அதுக்கு அர்த்தம். 24 மணி நேரத்துல எத்தனை கிலோ உறைய வைக்கும்னும் அதுலயே இருக்கும்.

140 பைங்கிறது 14 லிட்டர்தான். 100 லிட்டர் பெட்டி தாராளம்.

செவிலி:

நான் பிறந்த குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறேன். பால் கொட்டிவிட்டு அழும் அம்மாக்களைத் தினமும் பார்க்கிறேன். அக்கா, நீங்கள் பயந்து எல்லாவற்றையும் கொட்டாமல் ஐஸ் இருந்ததைத் தனியாகப் பிரித்தீர்களே, அது மிகச் சரி. உள்ளே ஐஸ் துகள் இருக்கும் பாலைத் திரும்ப உறைய வைக்கலாம். முழுதாக உருகிவிட்டால் கூடாது. அந்த 31 பையையும் முதலில் கொடுத்துத் தீர்த்துவிடுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அண்ணன் சொன்னதோடு எனக்கு உடன்பாடு இல்லை. உங்களுக்கு சிசேரியன் என்றால், ஆழமான பெட்டிக்குள் குனிந்து அடியில் இருக்கும் பழைய தேதிப் பையைத் தேடுவது பெரிய வேதனை. தூக்கக் கலக்கத்தில் மேலே இருப்பதைத்தான் கை எடுக்கும், பழையது அடியிலேயே கிடக்கும். உறைந்த பாலை ஆறு மாதத்துக்குள் கொடுப்பது நல்லது, அதிகபட்சம் 12 மாதம். கதவு வைத்த ஃப்ரீசரிலேயே ஃப்ராஸ்ட் ஃப்ரீ இல்லாதது கிடைக்காதா?

எப்படியும் ஃப்ராஸ்ட் ஃப்ரீ என்றால் பைகள் சுவரில் ஒட்டாமல் வையுங்கள், ஹீட்டர் ஓடும்போது அந்த ஓரம் லேசாகச் சூடாகும். எதை வாங்கினாலும் பையைப் படுக்க வைத்துத் தட்டையாக உறைய விடுங்கள். புதுப் பாலை முதலில் ஃப்ரிட்ஜில் குளிர வைத்துவிட்டு, பிறகு உள்ளே வையுங்கள். உறைந்த பையோடு ஒட்டி வைக்க வேண்டாம்.

நின்றுபோனால் எப்படித் தெரியும் என்றீர்கள். சூடு ஏறினால் கத்தும் தெர்மாமீட்டர் தனியாகவே கிடைக்கிறது, சிலது போனுக்கும் செய்தி அனுப்பும். அதோடு ஒரு டம்ளர் தண்ணீரை உறைய வைத்து, ஐஸ் மேல் ஒரு நாணயத்தை வையுங்கள். வீட்டில் இல்லாத நேரத்தில் உருகி மறுபடி உறைந்திருந்தால் நாணயம் கீழே இறங்கியிருக்கும்.

குளிர் மெக்கானிக்:

செவிலித் தங்கச்சி சொல்றது நியாயம், குனியிற கஷ்டத்தை நான் யோசிக்கல. கதவு வச்ச டைரக்ட் கூல் கிடைக்கும். பல மாடல்ல தட்டே காயில்தான், அது மேல இழுப்பறை உட்கார்ந்திருக்கும். அதனால சீக்கிரம் உறையும், இழுப்பறையில இருக்கிற குளிரும் அவ்வளவா கொட்டாது. ஃப்ரீசர் வந்ததும் சாய்க்காம நிமிர்த்தி வைக்கச் சொல்லுங்க. படுக்க வச்சுக் கொண்டுவந்தா கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்க்குள்ள போயிருக்கும், சில மணி நேரம் நிறுத்தி வச்சுட்டுத்தான் போடணும். பின்னாடியும் பக்கத்துலயும் காத்துப் போக இடம் விடுங்க. பக்கச் சுவர் வெளியே சூடா இருந்தா பயப்படாதீங்க, நிறைய மாடல்ல அப்படித்தான்.

இரட்டையர் அம்மா:

அண்ணா, செவிலித் தங்கச்சி, மாடிவீடு, ரொம்ப நன்றி. ஆமா, சிசேரியன்தான். பெட்டி மாதிரி இருக்கிறதைக் கடையில திறந்து அடியைத் தொட்டுப் பார்த்தேன், தையல் போட்ட இடம் சுரீர்னு இழுத்துச்சு. அதனால கதவு வச்ச டைரக்ட் கூல், அஞ்சு இழுப்பறை, தகட்டுல 'டி', அந்த நாலு நட்சத்திரமும் இருந்தது. ரப்பரும் தெர்மோஸ்டாட்டும் கிடைக்குமான்னு கேட்டேன். முதல் கடையில மழுப்பினாங்க, வந்துட்டேன். ரெண்டாவது கடையில பார்ட் நம்பரையே எழுதிக் கொடுத்தாங்க. கதவு இடுக்குல ஒரு பேப்பரை வச்சு மூடி இழுத்தும் பார்த்தேன், நாலு பக்கமும் இறுக்கமாப் பிடிச்சது.

ராத்திரி வீட்ல லைட்டையெல்லாம் அணைச்சுட்டு, உள்ளே போன் டார்ச்சை எரியவிட்டு கதவைச் சாத்தி சுத்திப் பார்த்தோம். எங்கயும் வெளிச்சம் கசியல. ஒரு நாள் முழுக்க தண்ணி பாட்டில் மட்டும் வச்சு ஓடவிட்டேன். ரெண்டு பாட்டிலுக்கு நடுவுல வச்ச தெர்மாமீட்டர் மைனஸ் 20 காட்டினதும்தான் மனசு வந்தது.

பழைய ஃப்ரீசரை எடுத்துட்டுப் போக ஆள் வர ரெண்டு நாள் ஆகும். பிள்ளைங்க யாரும் உள்ளே ஏறி மாட்டிக்கக் கூடாதுன்னு கதவைக் கழட்டி வச்சுட்டோம்.

அந்த 31 பையில இப்போ 19 பாக்கி இருக்கு, அதை மேல் இழுப்பறையில வச்சாச்சு. இன்னைக்கு விடியக்காலம் அஞ்சு மணிக்கு எடுத்த பாலை ரெண்டாவது இழுப்பறையில தட்டையா படுக்க வச்சேன். பையில தேதியோட '1'னு எழுதியிருக்கேன்.